துறைமுக வாசலில் நடுங்காதே!

சொந்தத் தொழில் தொடங்கத் துடிக்கிறாய். வெளிநாட்டிலிருந்து பருப்பு இறக்குமதி செய்யலாம் என்று திட்டம் போடுகிறாய். இரவெல்லாம் கணக்குப் பார்க்கிறாய்.

விடிந்ததும் என்ன சொல்கிறாய்? "கஸ்டம்ஸ், லைசென்ஸ், லேப் டெஸ்ட்... நமக்கெதுக்கு இந்த வம்பு?"

யார் உன்னைத் தடுத்தது? சுங்க அதிகாரியா? உணவுப் பாதுகாப்பு அதிகாரியா?

நீதான் இன்னும் அந்த வாசலுக்கே போகவில்லையே! போகாத வாசலில் உன்னை மறித்தது யார்?

உன் பயம்! ஒரு பக்கம்கூடப் படித்துப் பார்க்காத சட்டத்தின் மேல் நீ வளர்த்து வைத்திருக்கும் பயம்!

இன்று காலை சாப்பிட்ட இட்லியை நினைத்துப் பார். அதில் அரைபட்ட உளுந்து எங்கே விளைந்தது? மியான்மர் வயலில் விளைந்து, யாங்கோனில் கப்பலேறி, சென்னையில் இறங்கிய பர்மா உளுந்தாக இருக்கலாம்.

சாம்பாரில் கரைந்த துவரை மொசாம்பிக்கிலோ மலாவியிலோ விளைந்திருக்கலாம். மைசூர்ப் பருப்பு கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ மூட்டை கட்டப்பட்டிருக்கலாம்.

அதை ஒருவர் வரவழைத்தார். வரி கட்டினார். சோதனைக்குக் கொடுத்தார். வெளியே எடுத்தார். அவர் என்ன, பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் சுங்க இறக்குமதிப் படிவம் போடத் தெரிந்தா பிறந்தார்?

விருதுநகரைப் பார்! அங்கே கடல் இல்லை. பொய்க்காத மழையும் இல்லை. வெயில் கொளுத்தும் கந்தக பூமி. ஆனால் பருப்பு என்றால் நாட்டின் வணிகர்கள் திரும்பிப் பார்க்கும் ஊர்!

மண் கைகொடுக்காத ஊரில் மனிதர்கள் எழுந்து நின்றார்கள். உனக்கு மட்டும் என்ன குறை?

"எனக்கு எதுவுமே தெரியாதே!"

தெரியாதா? தெரிந்துகொள்!

இறக்குமதிக்கு முதல் தேவை ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் தருகிறது. விண்ணப்பம் இணையத்தில். கட்டணம் 500 ரூபாய்!

500 ரூபாய்க்கா நீ பயந்தாய்? உன் பான் எண்தான் இன்று உன் ஐ.இ.சி. எண். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை விவரங்களை இணையத்தில் உறுதிசெய். அதற்குக் கட்டணமே கிடையாது. மறந்தால் எண் முடங்கும். மறக்காதே!

அடுத்தது உணவுப் பாதுகாப்பு உரிமம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் மத்திய உரிமம். உணவு இறக்குமதியாளர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் மத்திய உரிமம்தான் எடுக்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் 7,500 ரூபாய்.

கோடி ரூபாய் சரக்கு கொண்டுவருபவருக்கும் அதே விதி. முதல் கன்டெய்னர் கொண்டுவரும் உனக்கும் அதே விதி. சட்டத்தின் முன் நீ சின்ன ஆள் இல்லை! உன்னைச் சின்ன ஆளாக்குவது நீ மட்டும்தான்!

"சட்டம் ரொம்பக் கெடுபிடி!"

ஆமாம், கெடுபிடிதான். ஏன் என்று ஒருமுறையாவது கேட்டாயா?

1971. ஈராக். விதைக்காக இறக்குமதியான கோதுமையும் பார்லியும் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பாதரச மருந்து பூசிய தானியம். தின்னக்கூடாத தானியம்!

மூட்டையில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. எந்த மொழியில்? ஸ்பானிஷில்! ஆங்கிலத்தில்! ஈராக்கின் விவசாயி அதை எப்படிப் படிப்பார்?

விதைக்கும் பருவம் தாண்டித்தான் பல இடங்களுக்குத் தானியம் வந்தது. பசி முந்திக்கொண்டது. சிவப்புச் சாயத்தைக் கழுவினார்கள். விஷமும் போய்விட்டது என்று நம்பினார்கள். மாவாக்கினார்கள். ரொட்டி சுட்டார்கள். பிள்ளைகளுக்கும் ஊட்டினார்கள்.

மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 6,530 பேர். இறந்தவர்கள் 459 பேர். இது அரசுக் கணக்கு மட்டும்.

இப்போது சொல். லேபிளை ஏன் இப்படித் துருவிப் பார்க்கிறார்கள் என்று இனியும் முணுமுணுப்பாயா?

1960. இங்கிலாந்து. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம் தெரியாமல் அறிஞர்கள் திகைத்தார்கள். தோண்டித் துருவினார்கள். தீவனத்தில் கலந்த இறக்குமதிக் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை! அந்தப் பூஞ்சை கக்கிய நஞ்சுக்குப் பெயர் அஃப்லாடாக்சின்.

கொதிக்க வைத்தாலும் முழுதாக அழியாது. ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது. ஆய்வகத்துக்குத்தான் தெரியும்!

நம் ஊருக்கே வா. சாலையோரமெங்கும் மண்டிக் கிடக்கிறதே பார்த்தீனியம்! தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தருகிறதே அந்தச் செடி! அமெரிக்கக் கோதுமையோடு கலந்து வந்த விதைதான் அது என்பது பரவலான கருத்து. 1950-களில் புணேயில் கவனித்தார்கள். இன்று அது இல்லாத மாவட்டம் எது?

சில விதைகள் கண்ணுக்குத் தப்பின. அந்த விலையை உழவன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இதற்காகத்தான் சட்டம்! 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். 2017-இல் உணவு இறக்குமதி ஒழுங்குமுறைகள். 2003-இல் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் உயிரோ வயலோ இருக்கிறது.

உன் பருப்பை ஒரு தாய் வேகவைத்துக் குழந்தைக்கு ஊட்டுவாள். அவளிடம் ஆய்வகம் இல்லை. அவளுக்காக அந்தச் சட்டம் நிற்கிறது. அதன் எதிரில் நிற்காதே. அதன் பக்கத்தில் போய் நில்!

"எத்தனை படி ஏறுவது?"

எண்ணிப் பார். எண்ணினால் பயம் பாதியாகும்!

சரக்கு கப்பலேறும் முன்பே உன் வேலை தொடங்குகிறது. எந்த நாடு? எந்தப் பயிர்? உணவுக்கா, விதைக்கா? தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின் எந்த அட்டவணையில் வருகிறது? பணம் அனுப்பும் முன் பார்! அனுப்பிய பின் தலையில் கைவைக்காதே!

விற்கும் நாட்டின் அரசுத் துறை தரும் பைட்டோ எனப்படும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பூச்சி கொல்லும் புகைமூட்டம் போட்டதற்கான சான்றிதழ் வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணி நேரம், என்ன வெப்பநிலை? ஒவ்வொரு கட்டத்தையும் படி.

கோதுமையா, அரிசியா, மக்காச்சோளமா? 2021 மார்ச் முதல் 24 பயிர்களுக்கு மரபணு மாற்றப்படாதது என்ற சான்றும் கேட்கிறார்கள். உன் சரக்கு அந்தப் பட்டியலில் உண்டா? பார்த்தாயா?

பொருளின் சுங்கக் குறியீடு தெரியுமா? உலர்ந்த பருப்பு வகைகள் 0713. கோதுமை 1001. அரிசி 1006. இந்த நான்கு இலக்கத்தில் தொடங்கி எட்டு இலக்கம் வரை போ. குறியீடு பிசகினால் வரி பிசகும். வரி பிசகினால் நோட்டீஸ் வரும்.

பருப்புக்கான வரி நிலையாக நிற்காது. விளைச்சலும் விலையும் பார்த்து அரசு ஏற்றும், இறக்கும். உனக்கு எந்த நாளின் வரி? பில் ஆஃப் என்ட்ரி தாக்கலான நாள், கப்பலுக்கு உள்நுழைவு அனுமதி கிடைத்த நாள் — இரண்டில் எது பிந்தியதோ, அந்த நாளின் வரி! சுங்கச் சட்டம், பிரிவு 15. ஒரு நிமிடத்தில் படிக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை ஏன் நீ செலவிடவில்லை?

பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பே தாக்கல் செய்யலாம். சோம்பி உட்கார்ந்து காலக்கெடுவைத் தவறவிட்டால்? முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய்!

இதை யார் தின்றது? அதிகாரியா? உன் சோம்பல் தின்றது!

ஒருகாலத்தில் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகக் காகிதம் தூக்கி அலைந்தார்கள். 2016 ஏப்ரல் முதல் ஒற்றைச் சாளர முறை வந்துவிட்டது. நீ தாக்கல் செய்யும் ஒரே பில் ஆஃப் என்ட்ரி சுங்கத்துக்கும் போகிறது, உணவுப் பாதுகாப்புக்கும் போகிறது, தாவரத் தொற்றுத்தடுப்புக்கும் போகிறது. உன் தாத்தா காலத்து வணிகனுக்குக் கிடைக்காத வசதி இது. இதை வைத்துக்கொண்டுமா புலம்புகிறாய்?

அந்தக் கன்டெய்னர் அருகே வந்து நில்!

ஏஜென்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதாது. உன் கண்ணால் பார்.

சரக்குப் பெட்டக நிலையத்தில் சீல் உடைபடுகிறது. கதவு திறக்கிறது. மூடிக் கிடந்த கன்டெய்னரின் சூடு முகத்தில் அடிக்கிறது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி கதவின் உட்பக்கத்தைப் பார்க்கிறார். கூரையைப் பார்க்கிறார். தண்ணீர் வழிந்த தடம் இருக்கிறதா? மூட்டையில் ஈரக்கறை இருக்கிறதா?

குத்தூசியை மூட்டைக்குள் செருகுகிறார்கள். உளுந்து சலசலவென்று உள்ளங்கையில் கொட்டுகிறது. தட்டில் பரப்புகிறார்கள். ஓட்டை விழுந்த மணி எத்தனை? சுருங்கியது எத்தனை? கல் உண்டா? உயிருள்ள வண்டு ஊர்கிறதா?

மாதிரி இரண்டு பாகமாகிறது. இரண்டுக்கும் சீல். ஒன்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு. இன்னொன்று அதிகாரியிடம் பத்திரமாக. ஏன் இரண்டு? முதல் முடிவு தவறென்று நீ கருதினால் இரண்டாவது உனக்காகப் பேசும்! கெடுபிடி என்றாயே, அந்தச் சட்டம் உனக்காகவும் ஒரு பாகத்தை எடுத்து வைத்திருக்கிறது!

ஆய்வகம் எதைப் பார்க்கிறது? ஈரப்பதம். பூச்சி தின்ற அடையாளமான யூரிக் அமிலம்; கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பூஞ்சை நஞ்சு. பூச்சிக்கொல்லி எச்சம், தனி வரம்பு வகுக்காத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான்.

இந்த எண்களைப் பார்த்து ஏன் மலைக்கிறாய்? இவை கேள்வித்தாள்! தேர்வுக்கு முன்பே உன் கையில் கிடைத்த கேள்வித்தாள்! கப்பலேறும் முன்பே இதே சோதனையை அங்கேயே செய்யச் சொல். தேறாத சரக்கை ஏற்றாதே. இதைவிட நல்ல தேர்வு வாழ்க்கையில் உனக்கு எங்கே கிடைக்கும்?

"தோற்றுவிட்டால்?"

இதோ வந்துவிட்டது உண்மையான பயம்! மற்றதெல்லாம் இதற்குப் போட்ட முகமூடி.

தோற்கலாம். ஒரு சரக்கு நிராகரிக்கப்படலாம். அதற்காக நீ நிராகரிக்கப்பட்டவன் ஆகிவிடுவாயா?

பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி இல்லையா? உரிம எண் இல்லையா? பச்சைப் புள்ளி இல்லையா? இவற்றைத் துறைமுகக் கிடங்கிலேயே ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய விதியே இடம் தருகிறது. தயாரித்த தேதியை மாற்றலாமா? கூடவே கூடாது! எது திருத்தக்கூடிய பிழை, எது திருத்தவே கூடாத பொய் என்பதைச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. நீயும் பிரித்துத் தெரிந்துகொள்!

ஆய்வக முடிவில் உடன்பாடில்லையா? மேல்முறையீடு செய். மறு சோதனைக்கென்று ஆய்வகம் இருக்கிறது. சுங்க உத்தரவில் உடன்பாடில்லையா? ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள் இருக்கிறது. அதற்கு மேலே தீர்ப்பாயம் இருக்கிறது.

உனக்கென்று இத்தனை கதவுகளைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. உன் மனத்தில் எத்தனை கதவு திறந்திருக்கிறது?

ஒன்றை மட்டும் செய்யாதே. பயந்து ஒளியாதே! சரக்கு இறங்கி 30 நாளில் எடுக்காவிட்டால் அதை விற்றுவிடச் சட்டத்தில் இடமுண்டு. டெமரேஜ், டிடென்ஷன் எனப்படும் தாமதக் கட்டணங்கள் இரவு பகல் பார்க்காமல் ஏறும். போனை அணைத்து வைத்தால் கணக்கு நிற்குமா? எழுந்து போ! அதிகாரியின் முன் நில்! என்ன குறை என்று கேள்! எழுத்தில் வாங்கு!

தடைகள் உனக்கு மட்டும்தானா? நார்மன் போர்லாக்கைக் கேள்!

1965. இந்தியாவும் பாகிஸ்தானும் பசியில் தவித்த காலம். மெக்சிகோவில் தான் உருவாக்கிய குட்டைக் கோதுமை விதையை இங்கே அனுப்பப் போராடினார் போர்லாக். 450 டன் விதை.

முதல் தடை எது தெரியுமா? சுங்கம்! மெக்சிகோ சுங்கத்தில் சரக்கு மாட்டிக்கொண்டது. பிடிக்க வேண்டிய கப்பல் போயே போய்விட்டது.

விட்டாரா? லாரிகளில் ஏற்றி லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்கு அனுப்பினார். எல்லையில் தாமதம். எல்லை தாண்டினால் லாஸ் ஏஞ்சலஸில் கலவரம், நெடுஞ்சாலை மூடல். சுற்றுவழியில் போனது சரக்கு.

போய்ச் சேர்ந்ததும் அடுத்த அடி. பாகிஸ்தான் தந்த ஒரு லட்சம் டாலர் காசோலையில் மூன்று சொற்களில் எழுத்துப்பிழை! வங்கி பணம் தர மறுத்தது.

எழுத்துப்பிழை! நீ இன்வாய்ஸில் "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறாயே, அதே எழுத்துப்பிழை!

ஆனாலும் சரக்கு கப்பலேறியது. கப்பல் புறப்பட்டு அரை நாளில் இந்தியா பாகிஸ்தான் போர் வெடித்தது. எல்லாம் தாண்டி விதைத்தால், பாதி விதைகூட முளைக்கவில்லை! ஏன்? மெக்சிகோ கிடங்கில் புகைமூட்டம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. விதை வெந்துவிட்டது.

அந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாயா?

போர்லாக் ஒரே ஒரு உத்தரவு போட்டார். விதையளவை இரட்டிப்பாக்குங்கள்!

அவ்வளவுதான். அழுகை இல்லை. புலம்பல் இல்லை. அந்த விளைச்சல் தெற்காசியா அதுவரை காணாத விளைச்சலாக இருந்தது. அடுத்த ஆண்டே, 1966-இல், இந்தியா 18,000 டன் விதையை இறக்குமதி செய்தது. எதிர்ப்புகளை மீறி அந்த முடிவுக்குத் துணிந்து நின்ற உணவு அமைச்சர் யார்? பொள்ளாச்சி பக்கத்துக் கிராமத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம்!

1970-இல் போர்லாக்குக்கு அமைதிக்கான நோபல் பரிசு. சுங்கத்தில் மாட்டிய சரக்கு! எழுத்துப்பிழையில் சிக்கிய காசோலை! புகையில் வெந்த விதை! இத்தனைக்கும் பிறகு அந்தப் பரிசு!

இப்போது சொல், உன் தடை எத்தனை பெரியது?

"ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்!"

கஸ்டம்ஸ் புரோக்கர் உனக்குத் துணை. அவர் தேர்வெழுதி உரிமம் பெற்றவர். நல்லவரைத் தேடிப் பிடி. மரியாதை கொடு. ஆனால் உன் பொறுப்பை அவர் தலையில் கட்டாதே!

2011 முதல் சுங்கத்தில் சுயமதிப்பீடு. குறியீடு சரி, மதிப்பு சரி, வரி சரி என்று உறுதி சொல்வது நீ. கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படிக்காதவன் முதலாளியா?

"கொஞ்சம் குறைத்துக் காட்டலாம், கொஞ்சம் மாற்றி எழுதலாம்" என்று ஒருவர் காதில் ஓதுவார். அங்கேயே எழுந்து வந்துவிடு! குறுக்கு வழியில் வந்த முதல் லாபம் உன் ஆயுள் முழுக்க உன் தூக்கத்தைத் தின்னும். நேர்வழியில் வந்த முதல் நஷ்டம் உனக்குத் தொழில் கற்றுத்தரும்.

"ஆங்கிலம் வராதே!" அகராதி இல்லையா? கேட்க ஆள் இல்லையா? வெட்கமா? தெரியாததைக் கேட்பதில் என்ன வெட்கம்? தெரிந்ததுபோல் நடித்து நஷ்டப்படுவதுதான் வெட்கம்!

"பெண்ணான என்னால் துறைமுகத்தில் நிற்க முடியுமா?" நில், தங்கையே! விண்ணப்பப் படிவத்துக்கு ஆண் பெண் தெரியாது. குத்தூசிக்கும் தெரியாது. தரமான சரக்கும் சரியான காகிதமும் உன் கையில் இருந்தால் எவர் முன்னாலும் நிமிர்ந்து பேசலாம்!

"வயதாகிவிட்டது!" படிக்கத் தெரியாத அளவுக்கா வயதாகிவிட்டது?

சாக்குகள் தீர்ந்தனவா? தீரட்டும்! இனி வேலை!

இன்று இரவு, 2017-ஆம் ஆண்டு இறக்குமதி ஒழுங்குமுறைகளைத் திற. முதல் பக்கத்தைப் படி. புரியவில்லையா? மறுபடி படி. புரியாத சொல்லை நோட்டில் எழுது. நாளை ஒருவரிடம் கேள்.

இந்த வாரம், ஒரே ஒரு தானியத்தை எடு. ஒரே ஒரு நாட்டை எடு. அதன் சுங்கக் குறியீடு, இன்றைய வரி, தேவைப்படும் சான்றிதழ், தர வரம்பு, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு.

இந்த மாதம், சென்னை ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ் வாசலுக்கோ தூத்துக்குடித் துறைமுகத்துக்கோ போ. தொழில் செய்பவர்களிடம் பேசு. ஐ.இ.சி.க்கு விண்ணப்பி. சின்னதாகத் தொடங்கு. ஆனால் தொடங்கு!

நாளை உன் பெயர் பொறித்த மூட்டை இந்த ஊர் மண்டியில் இறங்க வேண்டும். அதை வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை உனக்கு யாரும் தானமாகத் தரமாட்டார்கள். ஒவ்வொரு விதியாகப் படித்து, ஒவ்வொரு சோதனையாகத் தேறி, நீதான் சம்பாதிக்க வேண்டும்.

உன்னால் முடியும்! முடியாது என்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் எழுதவில்லை!

எழு! படி! விண்ணப்பி!